எதையும் சொல்லாத தோரணம்

சுவர் இருபத்திரண்டு அடி.
இழுவைப்படகில் கயிறு அளக்கிற மாதிரி
கை விரித்துக் கை விரித்து நான் அளந்தேன்.
நிரோஜினி நாடா பிடித்துத் திரும்ப அளந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சலாலா துறைமுக வேலைக்கு
அவளைக் கேட்காமல் நான் கையெழுத்து வைத்த
செவ்வாய்க்கிழமையிலிருந்தே
ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு, ஆரபிக்கு ஒரு வயது.

மக்கீன் ஸ்டோர்ஸில் வெட்டுத்துணி கிலோக் கணக்கு.
எந்த ஊர்ச் சட்டையாகவும் ஆகாமல் நின்றுபோன
பூக்கள், கோடுகள்,
ஒரு பச்சைப் புள்ளி,
யாருக்கும் பிடிக்காத ஒரு மஞ்சள்.
பால்மாப் பெட்டி அட்டையில் முக்கோணம் கீறி
ஒன்று நேராய், ஒன்று தலைகீழாய் வைத்து
இடுக்கில் இழைகூட வீணாகாமல் வெட்டினாள்.
கத்தரிக்கோல் மட்டும் வீட்டில் கதைத்தது.

என் வேலை புரட்டுவது.
நல்ல பக்கம் உள்ளே இருக்கத் தைத்துத் தருவாள்,
நான் விரல் விட்டு வெளியே இழுத்து
ஈர்க்கால் முனையைக் குத்தி எழுப்பவேண்டும்.
மெல்லக் குத்தினால் முனை மொட்டை.
பலமாகக் குத்தினால் துணியைப் பிளந்து
ஈர்க்கு எட்டிப் பார்க்கும்.
ஐந்தாவது பொத்தலை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
"திருகோணமலையில பிறந்த ஆளுக்குத்
திருகலும் கோணலுந்தான் வரும்."

மூன்று நாளில் முதல் வசனம்.
வசவுதான். என்றாலும் வசனம்.

நானும் கொடி கட்டியிருக்கிறேன், கப்பலில்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஒரு சேதி:
கீழே சுழியோடி இருக்கிறான்.
வைத்தியர் வேண்டும்.
கொண்டாட்ட நாளில் மட்டும்
அணியத்திலிருந்து பாய்மர உச்சி ஏறி
கடையார் வரைக்கும் எல்லாக் கொடியும் தொங்கும்.
அதற்கு ஒரேயொரு விதி.
எந்த நாலும் சேர்ந்து ஒரு சொல்லாகிவிடக் கூடாது.
எதையும் சொல்லாதபடி கோக்கவேண்டும்.
அப்போதுதான் அது பெருநாள் என்பார் எங்கள் போசன்.

நிரோஜினி குறுக்குவெட்டு நாடாவை மடித்து
வரிசையாய்ச் செருகி ஊசி குத்தினாள்.
பூ, கோடு, பூ, புள்ளி,
மஞ்சள், நீலம், மஞ்சள்.

கை நின்றது எனக்கு.
மஞ்சள், நீலம், மஞ்சள் என்றால்
விலகி நில்,
திரும்பச் சிரமப்படுகிறேன்.

நான் வாய் திறக்கவில்லை.
அடுத்த ஊசியை எடுத்துக் கொடுத்தேன்.

சனி இரவு கரண்ட் போனது.
கால் மெஷினுக்கு அது ஒரு பொருட்டா?
போன் வெளிச்சத்தை நான் பிடிக்க
அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.
மெஷின் ஓடும்வரை
அவள் பேசத் தேவையில்லை,
நான் கேட்கத் தேவையில்லை.
எப்போது தூங்கினேனோ தெரியாது.

விடிய அளந்தால் முப்பத்தைந்து அடி.
"பதின்மூன்று அடி மிச்சம்" என்றேன்.
"அது கோவம்.
அதையும் எங்கேயாவது கட்டு."

சன்னலால் வெளியே எடுத்து
ஒழுங்கைக்குக் குறுக்கே
பாயிஸா டீச்சர் வீட்டுக் கேற்றில் கட்டினேன்.
தொய்ந்துவிட்டது கொஞ்சம்.

கேக் வருவதற்கு முன்னமே மான் வந்துவிட்டது.
கோட்டைப் பக்கத்து ஆள்,
ஒரு கொம்பு முறிந்தது,
வாழைத்தோலுக்கும் கோயில் மாலைக்கும் பழகிய வாய்.
அண்ணாந்து, அவசரமில்லாமல்,
நீலத்தை மட்டும் பிடுங்கித் தின்றது.
டீச்சரின் மகன் விரட்ட ஓடினான்.
ஆரபி கை தட்டினாள்.
நிரோஜினி வாயைப் பொத்திக்கொண்டாள்,
சிரிப்பு விரலிடுக்கால் வந்தது.

இரண்டு மஞ்சளுக்கும் நடுவே இப்போது வெறும் நாடா.
அதற்குப் பின்னால்,
ஒழுங்கை முடிகிற இடத்தில்
டச்சுக் குடா
அதே அளவு நீலமாய் வந்து நின்றது.

பிறகுதான் சொன்னேன்,
அந்த மூன்று நிறத்துக்கும் கடலில் என்ன அர்த்தம் என்று.

பிள்ளையின் வாயிலிருந்து
நூல் துண்டை இழுத்தெடுத்தபடி
திரும்பாமலே சொன்னாள்:
"தெரியும்.
உங்கட கொடிப் புத்தகம்
லாச்சிக்குள்ளதானே கிடக்கு.
நாலாம் பக்கம்."